இரத்தோட்டைக்குக் கொண்டுபோன புதிய ஜாவா

கோயம்புத்தூரிலிருந்து நான் எடுத்துக்கொண்டு போனது இரண்டு சட்டை, ஒரு சாரம், ஒரு பென்டிரைவ். பென்டிரைவில் ஜாவா இருந்தது. புதிய பதிப்பு.

ஜாவா என்பது கணினிக்கு வேலை சொல்லும் மொழி. அதில் எல்லாமே பொருள். ஆள் ஒரு பொருள், பேர் ஒரு பொருள், பதிவுப் புத்தகம் ஒரு பொருள். பொருளைச் செய்ய அச்சு வேண்டும். அந்த அச்சுக்கு வகுப்பு என்று பேர். நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு எழுதிய வகுப்புகள் எத்தனை என்று எனக்கே தெரியாது.

இருபது வருடத்துக்கு முன்பு, இலங்கையில் இரத்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் மாதா கோயிலுக்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஞானஸ்நானப் புத்தகத்தில் இருந்த பேர்களையெல்லாம் கணினியில் ஏற்றித் தேடுவதற்கான நிரல். அந்த வருடமே கல்யாணம் கட்டி இந்தியாவுக்கு வந்துவிட்டேன். நிரல் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் கணினி நின்றுவிட்டது. புதிதாக மடிக்கணினி வாங்கினார்கள். அதில் புது ஜாவா. நான் அந்தக் காலத்தில் நம்பியிருந்த சில பாகங்களைப் புது ஜாவாவில் எடுத்துவிட்டார்கள். என் நிரல் அதில் எழும்பவில்லை.

கோயில் ஆபீசைப் பார்க்கிற ஸ்டெல்லா எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நீங்க எழுதினது செத்துப் போச்சு. வந்து எழுப்பி விடுங்க. இல்லாட்டி அடக்கம் பண்ணிட்டுப் போங்க."

போனிலேயே பார்த்துச் செய்யலாமே என்றாள் என் மனைவி. செய்யலாம். ஆனால் ஞானஸ்நானப் புத்தகம் இப்போது இல்லை. கூரை ஒழுகி, கறையான் ஏறி, போய்விட்டது. பேர்கள் இருப்பது அந்தப் பழைய கணினிப் பெட்டியில் மட்டும். தெரியாத ஆள் கை வைத்தால் அதுவும் போய்விடும். நான்தான் போக வேண்டும் என்று சொன்னேன். அது பாதி உண்மை.

செவ்வாய்க்கிழமை கண்டியில் தம்புள்ளை பஸ் ஏறினேன். மாத்தளையில் இறங்க வேண்டும். மாத்தளைக்கு முன்பே தூங்கிப் போனேன். முழித்தபோது பக்கத்து சீட்டில் வேறு ஆள். வெளியே நாலந்தா என்று பலகை.

கண்டக்டர் சிங்களத்தில் சொன்னார். "மாத்தளையில மூணு தரம் கத்தினேன். நீங்க மூணு தரமும் தலையாட்டினீங்க. நான் என்ன, தூக்கியா இறக்க முடியும்?"

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. இருபது வருடமாகப் பேசாத சிங்களத்தில் 'சரி' மட்டும்தான் வந்தது. இறங்கிவிட்டேன்.

ரோட்டோரம் ஒரு பெண் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தாள். தேங்காய் ரொட்டி, கட்ட சம்பல், பிளேன்டீ. பிளேன்டீக்குச் சீனி போட மாட்டார்கள். கித்துல் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் தருவார்கள். ஒரு கடி, ஒரு மிடறு. கோயம்புத்தூரில் எல்லாவற்றையும் கலந்து ஆற்றிக் கையில் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். நான் தேத்தண்ணி முழுவதையும் குடித்துவிட்டு, கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கடைக்காரி பார்த்துவிட்டாள். "வெளிநாடா?"

"இல்ல. மாத்தளை."

"மாத்தளை ஆளு ஏன் மாத்தளையில இறங்கல?"

கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்த பஸ் அலுவிகாரையில் டயர் வெடித்து நின்றது. மிச்ச வழிக்கு ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுகிறவர் பேர் ரஸீன். எங்கிருந்து, எதற்கு என்று கேட்டார். ஜாவா வேலைக்கு வந்திருக்கிறேன் என்றேன். வண்டியை மெதுவாக்கிவிட்டார்.

"ஜாவாவா? என்ட மனுசிட ஆக்கள் ஜாவா தான். மலாய்க்காரங்க. அந்தப் பாஷ இப்ப அவங்கட வீட்டுல ஒருத்தருக்கும் தெரியா. நீங்க எங்க படிச்ச?"

"இந்தா, மாத்தளையில. கொமினிகேசன் கடையில."

"கொமினிகேசன்ல ஜாவா பேசினாங்களா?"

இது கணினி மொழி என்று விளக்கினேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப் பதிப்பு வரும் என்றும் சொன்னேன். அவர் ஒரு வளைவைத் திருப்பிவிட்டுச் சொன்னார்.

"மாறுறது நல்லம் அண்ணன். மனுசிட வீட்டுப் பாஷ மாறவே இல்ல. பேச ஆளில்லாம நின்டு போச்சு."

டவுனில் அந்தக் கொமினிகேசன் கடையைத் தேடிப் போனேன். போன் பேசவும், போட்டோ காப்பி எடுக்கவும், விண்ணப்பம் டைப் அடிக்கவும் ஆட்கள் வந்து நின்ற கடை. இப்போது போன் உறைகள் தொங்குகின்றன. நான் உட்கார்ந்திருந்த மூலையில் கண்ணாடி அலமாரி. அங்கேதான் இரண்டு விரலால் தமிழ் அடிக்கப் பழகினேன். கடையில் ஆள் குறையும் பின்னேரங்களில் முதலாளி ஜாவா புத்தகத்தின் போட்டோ காப்பி ஒன்றைத் தந்து படிக்கச் சொல்வார். அதில் எழுபதாம் பக்கத்திலிருந்து எண்பத்தைந்தாம் பக்கம் வரை இல்லை. அந்தப் பக்கங்களில் இருந்தது எதுவோ, அது எனக்கு இன்றைக்கும் சரியாக வராது.

முதலாளி படிப்பித்ததில் ஒன்று மட்டும் அப்படியே மனதில் நிற்கிறது. கோப்புகளில் நமக்காக ஏதும் எழுதி வைக்க வேண்டுமானால் வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி போட வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட குறி. "ஹேஷ் போட்டது உனக்கு. போடாதது மெசினுக்கு" என்பார். நான் எழுதிய நிரல்களிலெல்லாம் அந்தச் சட்டம் இருந்தது. ஹேஷில் தொடங்கினால் குறிப்பு. தாண்டிப் போ.

அந்தக் கடையில் நிற்க இடமில்லை. போன் உறை வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் இரத்தோட்டை பஸ். டவுனுக்கு வந்து திரும்புகிற தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நிறைய. சாமான் பைகள் காலுக்கடியில். பக்கத்தில் இருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீங்க ராயப்பன் தானே? கம்ப்யூட்டர்காரரு."

"ஆமாங்க."

"சூசையம்மாவ விட்டுட்டுப் போன ஆளு."

எனக்குப் புரியவில்லை. முன் சீட்டிலிருந்து ஒருவர் திரும்பினார். "எங்க லயத்துல அவளுக்குப் பேரே கம்ப்யூட்டர்ல இல்லாதவதாங்க. போன எலெக்சன்ல கூட கேட்டாங்க, ஏம்மா, நீ கம்ப்யூட்டர்லயே இல்ல, ஓட்டு மட்டும் எப்படி போடுவேன்னு."

"சும்மா இருய்யா" என்றார் பக்கத்து அம்மா. ஆனால் அவரும் சிரித்தார்.

சூசையம்மா அக்காவைச் சொல்ல வேண்டும். கோயிலைக் கூட்டித் துடைக்கிறவர். கொழுந்து எடுத்துவிட்டு வந்து அந்த வேலையையும் செய்வார். நான் ஆபீசில் உட்கார்ந்து பேர்களை அடித்த நாலு மாதமும் அலுமினியக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டு வந்தவர். எழுத்துத் தெரியாது. என் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார்.

ஒரு நாள் கேட்டார். "என் பேரு வந்துச்சா தம்பி?"

"இப்பதான் அக்கா வருது."

அடித்துக் காட்டினேன். முதல் எழுத்தைக் கேட்டார். சூ என்றேன். "இந்தக் கொக்கியா?" என்று கண்ணாடியில் விரல் வைத்தார். சவர்க்கார நுரை ஒட்டியது.

"போட்டுட்டல்ல?"

"போட்டுட்டேன்."

இந்தப் புதன்கிழமை நான் போனபோது அவர் ஆபீஸ் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. விளக்குமாறு மடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் எழும்பவில்லை. உள்ளே பார்த்துச் சொன்னார்.

"வந்துட்டான் பாரு. இப்ப கேளு ஸ்டெல்லா. நான் பொய்க்காரியான்னு இவன்கிட்ட கேளு."

ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னாள். தோட்டத்தில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, இந்தியக் கணக்கில் நாலு சென்ட்டுக்குச் சற்று மேல், கொடுக்கிறார்கள். உறுதிப் பத்திரத்தோடு. வரிசை வீடுகளான லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவை விட்டு வெளியே வந்து சொந்தமாக வீடு கட்டலாம். அக்காவின் புருஷன் இறந்துவிட்டார். பத்திரம் அக்கா பேரில்தான் வர வேண்டும். அக்காவிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அடையாள அட்டையும் இல்லை. எலெக்சனுக்கு எலெக்சன் ஒரு தற்காலிகத் துண்டு கொடுப்பார்கள், அவ்வளவுதான். இங்கே பிறந்ததற்கு ஏதாவது ஓர் ஆதாரம், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றுவிட்டார்கள். ஞானஸ்நானப் பதிவின் பிரதி போதும். இதற்கு முன்பு அடையாள அட்டைக்கும் இந்தக் காணிக்குமாக ஸ்டெல்லா மூன்று தரம் தேடியிருக்கிறாள். மூன்று தரமும் இல்லை என்றே எழுதிக் கொடுத்தாள். இல்லாத பதிவுக்கு ஃபாதர் கையெழுத்துப் போட மாட்டார்.

"வேற கோயில்ல குடுத்திருப்பாங்கன்னு சொன்னா கோவிச்சுக்கிறாங்க அண்ணே."

"இந்தத் தொட்டியிலதான் எனக்குத் தண்ணி ஊத்தினாங்க" என்றார் அக்கா. "இவன் என் கண்ணு முன்னால போட்டான்."

பெட்டியைக் கழற்றினேன். உள்ளே எறும்புக் கூடு. வன்தட்டு நல்லபடியாக இருந்தது. அதை மடிக்கணினியோடு இணைத்துக் கோப்புகளை எடுக்க மத்தியானமாகிவிட்டது. மழை வந்தது. தகரத்தில் விழும் மழை. கோயம்புத்தூரில் என் வீடு மாடியும் கீழுமாகச் சிமெண்ட். மழை பெய்வது ஜன்னலைத் திறந்தால்தான் தெரியும். இங்கே பேச்சை நிறுத்த வேண்டும். எல்லோரும் நிறுத்தினோம்.

பென்டிரைவில் பழைய ஜாவாவும் வைத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று. அதைப் போட்டு என் நிரலை அப்படியே ஓட்டினேன். சாம்பல் நிறச் சன்னல் எழும்பி வந்தது. பொத்தான் ஒன்று கோணலாக இருந்தது. அந்தக் காலத்திலேயே கோணல்தான். நேராக்க மூன்று நாள் பார்த்து விட்டுவிட்டேன். அதைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருபத்து நாலு வயதில் நான் செய்தது, நான் இல்லாமல் இத்தனை வருடம் இங்கே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது.

சூசையம்மா என்று அடித்தேன். பழைய பாமினி எழுத்துருவை விரல்கள் மறக்கவில்லை.

பதிவு இல்லை, என்றது.

அந்த இரண்டு சொல்லும் நான் எழுதியவை.

அக்கா பின்னால் நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் என் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"போட்டேன்னு சொன்னியே தம்பி."

"போட்டேன்னுதான் நினைக்கிறேன் அக்கா."

"நினைக்கிறியா."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார். அவர் சந்தோஷத்துக்காகத் திரையில் காட்டிவிட்டு, சேமிக்காமல் விட்டேனோ என்று யோசித்தேன். அப்படிச் செய்யக்கூடியவன்தான் நான் அந்த வயதில். உண்மையைச் சொன்னால், அப்போது நான் நிரலைத்தான் நம்பினேன். அக்காவை நம்பவில்லை.

வியாழக்கிழமை. ஸ்டெல்லா பேக்கரிப் பாணும் பருப்பும் வைத்தாள். வெளியே விறாந்தையை அக்கா தேய்க்கிற சத்தம். இன்று முழு நிரலையும் புதிய ஜாவாவில் எழுத வேண்டும். கூடவே பேர்களைப் பாமினியிலிருந்து இன்றைய யுனிகோட் எழுத்துக்கு மாற்ற வேண்டும். பாமினி என்பது வேஷம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும்; எழுத்துரு அதன் மேல் தமிழைப் போர்த்திவிடும். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். நேற்று கோப்பைத் திறந்து பார்த்தேன். வரிவரியாக ஆங்கிலக் குப்பை. என் கையால் அடித்தது எனக்கே வாசிக்க முடியவில்லை.

முதலில் ஞானஸ்நான வகுப்பு. அந்தக் காலத்தில் ஒரு பதிவுக்கு அச்சு செய்ய அறுபது வரி எழுதினேன். பேரை வைக்க ஒரு துண்டு, எடுக்க ஒரு துண்டு. தகப்பன் பேரை வைக்க, எடுக்க. தாய், ஞானத்தாய், ஞானத்தகப்பன், நாள். ஒவ்வொன்றுக்கும் அதே பாட்டு. புதிய ஜாவாவில் ரெக்கார்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. என்னென்ன இருக்கும் என்று ஒரே வரியில் சொன்னால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அறுபது வரியையும் அழித்துவிட்டு ஒரு வரி எழுதினேன். அழிக்கும்போது கை நின்றது. இந்த வரி கரண்ட் போய் மூன்று தரம் அடித்தது. இந்த வரியில் ஒரு புள்ளி விட்டுப் போய் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். அந்தக் கஷ்டம் ஒன்றுக்கும் தேவையில்லை என்று இப்போது சொல்கிறார்கள். சந்தோஷம்தான். இருந்தாலும்.

பிரதிக் கடிதத்துக்கு முன்பு ஒவ்வொரு வரியையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, கூட்டல் குறியால் தைத்து வைத்திருந்தேன். கிழிந்த சாக்கைத் தைத்த மாதிரி இருக்கும். இப்போது மூன்று மேற்கோள் குறி போட்டுக் கடிதத்தை அப்படியே வைக்கலாம். வைத்தேன். பார்க்கக் கடிதம் போலவே இருந்தது.

இன்னொன்று. இடையில் ஒரு பதிவில் தகப்பன் பேர் வெறுமையாக இருந்து நிரல் விழுந்தது. பழைய ஜாவா என்றால், ஏதோ வெறுமை, இந்த வரியில், என்று மட்டும் சொல்லும். எது என்று நாம்தான் தேட வேண்டும். புதியது, வெறுமையாக இருப்பது தகப்பன் பேர் என்று சொல்லிவிட்டது. ஸ்டெல்லாவிடம் காட்டினேன்.

"இந்தக் கோயில்ல அது கம்ப்யூட்டர் சொல்லித்தான் தெரியணுமா அண்ணே" என்றாள்.

மத்தியானத்துக்குப் பிறகு கோப்பைப் படிக்கிற பகுதிக்கு வந்தேன். ஒரு வரி மூன்று விதமாகத்தான் இருக்க முடியும். பேர் வரி. வெற்று வரி. ஹேஷில் தொடங்கும் குறிப்பு வரி. புதிய ஜாவாவில் இதை முன்கூட்டியே சொல்லி மூடி முத்திரை வைத்துவிடலாம். இந்த மூன்றுதான், நாலாவது கிடையாது என்று. வைத்தேன். பிறகு ஒவ்வொரு விதத்துக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினேன். பேர் வரியை ஏற்று. வெற்று வரியை விடு. குறிப்பைப் பற்றி எழுதவில்லை. பழைய நிரலிலும் குறிப்பைத் தாண்டித்தானே போகிறது.

ஜாவா ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று என்று சொன்னாய், இரண்டுக்குத்தான் வழி வைத்திருக்கிறாய், மூன்றாவதை விட்டுவிட்டாய் என்று நின்றுவிட்டது.

பழைய ஜாவா இப்படிக் கேட்காது. சொன்னதைச் செய்யும். விட்டதை விட்டுவிடும். இது கேட்கிறது. அந்த மூன்றாவது ஆளை என்ன செய்யப் போகிறாய், சொல்லிவிட்டுப் போ.

ஒன்றும் செய்யாதே என்று எழுதலாம். அதுவும் பதில்தான். எழுதத்தான் போனேன். அப்போது ஓர் ஆசை வந்தது. அந்தக் குறிப்புகள் நான் இருபத்து நாலு வயதில் எனக்கே எழுதிக்கொண்டவை. ஏழோ எட்டோ இருக்கும். என்ன எழுதினேன் என்று பார்க்கலாமே. குறிப்பு வந்தால் தமிழாக்கித் திரையில் காட்டு என்று எழுதி ஓட்டினேன்.

முதல் வரி வந்தது. "சூ இங்கிருந்து இரண்டாவது புத்தகம்."

அடுத்தது. "சூ மழை. கரண்ட் இல்லை. நாளைக்குத் தொடர வேண்டும்."

"சூ இந்தப் பக்கத்தில் மை கரைந்திருக்கிறது."

எதற்கு ஒவ்வொன்றுக்கும் முன்னால் சூ என்று யோசித்தேன். கோழி விரட்டுவது போல. மாற்றும் பகுதியில் பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குள் அடுத்த வரி வந்தது.

"சூசை."

அதற்கடுத்தது, "சூசைமுத்து." பிறகு "சூசைமரியாள்." பிறகு இன்னொரு சூசை. வந்துகொண்டே இருந்தது.

கீழே விசைப்பலகையைப் பார்த்தேன். பாமினியில் சூ அடிப்பதற்கு ஷிஃப்டை அழுத்தி மூன்றை அடிக்க வேண்டும். என் விரலுக்கு அது சூ. மூன்றுக்கு மேலே அச்சடித்திருப்பது நாலு கோடு போட்ட குறி. ஹேஷ். அதை நான் ஆயிரம் தரம் அடித்திருக்கிறேன். ஒரு தரமும் பார்த்ததில்லை.

யோசேப்பு என்ற பேரை எங்கள் ஆட்கள் சூசை என்பார்கள். கோயிலில் எத்தனையோ பேருக்கு அந்தப் பேர். அத்தனை பேரையும் நான் ஒழுங்காக அடித்து, ஒழுங்காகச் சேமித்து, பிறகு தாண்டிப் போ என்று நிரலுக்குச் சொல்லியிருக்கிறேன். புத்தகம் இருந்த காலத்தில் புத்தகத்தைப் பார்த்துக் கொடுத்திருப்பார்கள். புத்தகம் போன பிறகு இல்லை என்று அனுப்பியிருப்பார்கள்.

ஸ்டெல்லா என் பின்னால் வந்து நின்று வாய்விட்டு வாசித்தாள். இருபத்தேழாவதாக சூசையம்மா வந்தது. தகப்பன் பேர், தாய் பேர், லயம், நாள், எல்லாம் சரி. வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

வெளியே தேய்க்கிற சத்தமும் நின்றிருந்தது. அக்கா வாசலில் நின்றார். கையில் பிரஷ்.

"என் பேரு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"இருக்கீங்க அக்கா" என்றேன். "அன்னைக்கே போட்டுட்டேன். ஆனா தாண்டிப் போகச் சொல்லியும் எழுதிட்டேன். தெரியாம."

அவர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். கொக்கியைத் தேடிக் கண்டுபிடித்தார். இந்த முறை விரல் வைக்கவில்லை. சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அழிஞ்சிடாதே?"

"அழியாது."

ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா கீழே பார்த்தாள்.

"மூணு தரம் தேடினேன் அக்கா. சத்தியமா."

"தேடினே. நான் ஒன்னும் சொல்லலையே" என்றார் அக்கா. "போ, அடுப்புல பருப்பு தீயுது."

தீயவில்லை. ஆனாலும் ஸ்டெல்லா போனாள்.

நாற்பத்தொரு பேர். பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கோயில் கதவில் ஒட்டினோம். பின்னேரம் ஜெபத்துக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பாதிப் பேர் இறந்துவிட்டார்கள், சிலர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு ஆள் மட்டும் தன் தகப்பன் பேர் எந்த வரி என்று கேட்டு, அதற்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஃபாதர் பிரதியில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன்பு பேனாவை வைத்துவிட்டு, அக்காவிடம் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா, "பஸ் போயிரும் ஃபாதர்" என்றார்.

மாத்தளையில் காணிப் பத்திரத்துக்கு மனு எடுக்கிற ஆபீஸ். வரிசை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் கண்ணாடி போட்ட தமிழர்; பேச்சில் யாழ்ப்பாணம். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது கம்பியூட்டர் பிரதி எல்லோ. மூலப் புத்தகம் எங்கை?"

"கறையான் தின்னுருச்சுங்க" என்றார் அக்கா.

ஃபாதரின் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். "போன முறை பதிவே இல்லையெண்டு எழுதி வந்தது. இப்ப எப்பிடி வந்தது?"

நான் வாய் திறப்பதற்கு முன்பு அக்கா சொன்னார். "நான் அங்கதாங்க இருந்தேன். இவங்கதான் பார்க்கல."

அவர் கண்ணாடிக்கு மேலாக அக்காவைப் பார்த்தார். முத்திரையை எடுத்தார். மை காய்ந்திருந்தது. ஊதினார். மறுபடி அழுத்தினார். விழுந்தது.

வெளியே வந்து ஒரு கடையில் வடையும் பிளேன்டீயும் சாப்பிட்டோம். அக்கா வாங்கித் தந்தார். கருப்பட்டியை ஒரு கடி, தேத்தண்ணியை ஒரு மிடறு. இந்த முறை சரியாக முடித்தேன்.

சனிக்கிழமை நான் புறப்பட்டேன். நிரல் புது மடிக்கணினியில் ஓடுகிறது. சன்னல் வெள்ளையாக, பளிச்சென்று. கோணல் பொத்தானை நேராக்கவில்லை. நேராக்க இப்போது ஒரு நிமிடம் போதும். வேண்டுமென்றுதான் விட்டேன். பழைய வன்தட்டை ஸ்டெல்லாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோயம்புத்தூரில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

மாத்தளை பஸ் நிலையத்துக்கு அக்கா வந்திருந்தார். அவ்வளவு தூரம் வருவார் என்று நினைக்கவில்லை. ரொட்டியும் கட்ட சம்பலும் பேப்பரில் சுற்றி என் பையில் வைத்தார். சம்பல் எண்ணெய் பேப்பரில் ஊறியிருந்தது.

"தூங்கிடாத. போன தடவை நாலந்தா வரைக்கும் போனியாமே. லயமெல்லாம் தெரியும்."

"தூங்க மாட்டேன் அக்கா."

பஸ் வரவில்லை.

"தம்பி, ஒன்னு கேக்கணும். நான் அந்த மிசினுக்குள்ளதான் இருந்தேன்ங்கிற. இவ்வளவு நாளும் என்னைய அது என்னான்னு வச்சிருந்துச்சு?"

"குறிப்புன்னு அக்கா."

"குறிப்புன்னா?"

"பிறகு பார்க்கணும்னு எழுதி வைக்கிறது."

கண்டி பஸ் வளைவில் தெரிந்தது. அக்கா பையை எடுத்து என் கையில் தந்தார்.

"அப்ப சரிதான். பிறகு பார்த்துட்டியே."